றிஸ்மியா அடுப்பு மூட்டாத காலை

பள்ளிவாசல்துறையில் றிஸ்மியாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் ஒன்று இருந்தால், அது அவளுடைய புருஷன் முத்தலிபு மட்டும்தான். அதற்காக அவரைப் பெரிய வீரர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வாயில் வருவதெல்லாம் உண்மை என்று மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார், அவ்வளவுதான். கலியாணம் முடித்த நாளிலிருந்து நம்பினார். அந்த நம்பிக்கையே ஒருநாள் அவருடைய உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

றிஸ்மியாவுக்குத் தொழில் இடியப்பம். ரோட்டோரத்தில் தகரக் கூரை போட்ட குசினி. சுபஹுத் தொழுகை முடிந்து வருகிறவர்கள், கடலால் வருகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு அவளுடைய அடுப்பில்தான். இடியப்பம் வாங்கினால் சொதியும் சம்பலும் தருவாள். நாலு கேள்வியும் சேர்த்துத் தருவாள், அதற்குக் காசு இல்லை. அந்தக் கேள்விகளுக்குத் தப்பின ஆள் ஊரில் கிடையாது.

ஒருதரம் ஊருக்குக் குடிதண்ணீர்த் திட்டம் என்று ரிப்பன் வெட்டிக் குழாய் திறந்தார்கள். திறந்த குழாயில் புஸ்ஸென்று காற்று வந்தது. வந்திருந்த பெரியவர்கள் காற்றுக்கே கை தட்டினார்கள். றிஸ்மியா ஒரு கிளாஸை நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டு, குழாய் திறந்த அதிகாரியின் முன்னால் போனாள்.

"சேர், நல்ல வெயில். முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

அந்தச் சேர் பிறகு அந்த ரோட்டால் வந்ததாக யாரும் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் அடுத்த மாதம் வந்தது. வாய்தான் பெரிசு என்று அவளைத் திட்டுகிறவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அப்படிப்பட்டவளிடம் அரசாங்கத்தின் சுகாதாரத் திட்டம் வந்தால் சும்மா விடுவாளா? திட்டம் இதுதான்: ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் குடும்பம் குடும்பமாகப் பதிய வேண்டும். ஆளுக்கொரு காட், அந்த அட்டையில் ஒரு நம்பர். முப்பத்தைந்து வயது தாண்டிய எல்லாருக்கும் இரத்தத்தில் சீனி, பிரஷர் பார்ப்பார்கள். புத்தளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இனி முதலில் இங்கே காட்டிக் கடிதம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. கேட்பதற்கு நல்ல திட்டம்தான். ஊர் நம்ப வேண்டுமே! புத்தளத்துக்குப் போகிற வழியை அடைக்கப் பார்க்கிறார்கள் என்றார் ஒருவர். இன்றைக்கு நம்பர் தருவான், நாளைக்குக் காசு கேட்பான் என்றார் இன்னொருவர். எடுக்கிற இரத்தம் எங்கே போகிறதோ என்று பக்கத்து வீட்டுப் பஸீனா கன்னத்தில் கை வைத்தாள்.

றிஸ்மியா ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "எல்லாம் தரட்டும். எங்களுக்கு நம்பர் மட்டும் வேணாம்."

அது ஏன் என்று ஊருக்குத் தெரியும். கொரோனாக் காலத்தில் அவளுடைய வாப்பா அசன் நெய்னா, தலையில் தொப்பியோடு, தன் காலால் நடந்து போய் அம்புலன்ஸில் ஏறினார். "நாளைக்கு வந்திருவன் மகள்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். தூரத்தில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இவள் ஃபோன் பண்ணி வாப்பாவின் பேரைச் சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து "நம்பர் என்ன?" என்றுதான் கேட்பார்கள். கடைசியில் வந்த செய்தியும் நம்பரோடுதான் வந்தது. அந்த நாளைய உத்தரவுப்படி மையித்தை அடக்க விடாமல் எரித்துவிட்டார்கள். கபன் துணி சுற்றவில்லை, ஜனாஸாத் தொழுகை இல்லை, போய் நின்று ஸலாம் சொல்ல ஒரு கபுறு இல்லை. இதை மறந்துவிட்டு வா என்று அவளிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? இனிமேல் என்ட ஆக்களில் ஒருத்தரையும் அவங்கட கையில குடுக்கமாட்டேன் என்று அன்றைக்கு அவள் வைராக்கியம் வைத்தாள்.

இந்த நிலைமையில்தான் ஷானிகா ஊருக்கு வந்து சேர்ந்தாள். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை, புது நர்ஸ். தமிழும் சிங்களமும் கலந்து வேகமாகக் கதைப்பாள். பள்ளித் தலைவர் அன்ஸாரைப் பிடித்து லவுட்ஸ்பீக்கரில் அறிவித்தல் போட வைத்தாள். வியாழக்கிழமை காலையில் சீனி பார்க்கிறார்கள், ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று அன்ஸார் அழகாகச் சொன்னார். விரலில் குத்தினால் நோன்பு முறியாது என்றும் மௌலவியிடம் கேட்டுச் சேர்த்துச் சொன்னார்.

நோன்பு எங்கே வந்தது என்கிறீர்களா? அப்போதுதான் பெருநாள் முடிந்து ஆறு நோன்பு நடந்துகொண்டிருந்தது. விட்டுப்போன நோன்பைக் களாச் செய்கிற பெண்களும் அந்த மாதத்தில்தான் பிடிப்பார்கள். வியாழக்கிழமை வேறு, நோன்புக்கு விசேஷமான நாள். ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் நோன்பு.

அவர்களுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. வெறும் வயிறுதானே கேட்கிறார்கள், நோன்பாளியைவிட வெறும் வயிறு யாருக்கு உண்டு? ஆஸ்பத்திரி வாசலில் பஸீனா பெருமையாகச் சொன்னாள்: "மிஸ், நாங்க எல்லாரும் நோன்போட வந்திரிக்கிறோம்."

ஷானிகாவின் முகம் மலர்ந்தது. "ஐயோ, ரொம்ப நல்லம் அக்கா! அப்பிடித்தான் வரவேணும்."

றிஸ்மியாவும் போயிருந்தாள். காட் எடுக்க இல்லை, என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க. முதல் விரலில் சீனி அளவுக்கு மிஞ்சிக் கூட. இரண்டாவது விரலிலும் கூட. வரிசையில் ஒவ்வொருவராக மெசின் கூட, கூட என்று காட்டிக்கொண்டே போக, ஷானிகாவின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று. பஸீனா அழுதே விட்டாள். நேற்று வரை நன்றாக இருந்த ஊருக்கு ஒரே காலையில் சீனி வருத்தமா?

அந்த நேரம் பார்த்து முத்தலிபு கடலால் வந்தார். கண்டக்குழிப் பக்கத்தில் எஞ்சின் நின்றுபோய், இரவெல்லாம் அலைந்துவிட்டு, கையில் மீன் கோர்வையோடு நேரே வந்திருந்தார். பெண்கள் அழுவதைக் கண்டதும் அவருக்கு விளையாட்டு. "என்ட விரலையும் ஒருக்காக் குத்துங்க மிஸ், எனக்கு எவ்வளவு இனிப்பு எண்டு பாப்பம்" என்று நீட்டினார். ஷானிகா மெசினைப் பார்த்தாள். திரும்ப ஒருதரம் குத்தினாள். பிறகு அவருடைய காலைப் பார்த்தாள். சிப்பி வெட்டின பெருவிரலில் பழைய சாரத்தில் கிழித்த துணி ஒன்று சுற்றியிருந்தது. நோன்பு மாதத்துக்கு முன் வெட்டின காயம்.

"இது எப்ப வெட்டினது? இன்னும் ஆறல்லையா?" என்று அவள் கேட்டு முடிக்கவில்லை, றிஸ்மியா நடுவில் புகுந்தாள்.

"நிப்பாட்டுங்க மிஸ்! ஊருக்கே சீனி எண்டு சொல்லுற மெசின் மெசினா? மருந்து விக்கிறதுக்கு ஆள் சேக்கிறீங்களா? பொய் சொல்லுது உங்கட மெசின்! எழும்புங்க எல்லாரும்!"

எல்லாரும் எழும்பினார்கள். பதிய வந்தவர்களும் பதியாமலே போனார்கள். முத்தலிபு மீன் கோர்வையை ஆட்டிக்கொண்டு, பொஞ்சாதியின் பின்னால் நொண்டி நொண்டிப் போனார். அன்றைக்கு முழுக்க ஊரில் இந்தக் கதைதான், ஒரே சிரிப்பு.

பின்னேரம், அஸர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன் ஷானிகா தனியாகக் குசினிக்கு வந்தாள். றிஸ்மியா மா வறுத்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஷானிகா ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் மத்தவங்களப் பத்திக் கதைக்க வரல்ல. அவங்களுக்கெல்லாம் கொஞ்சம்தான் கூட. ஏனெண்டு எனக்கும் விளங்கல்ல. உங்கட வீட்டு மஹத்தயாவுக்கு அப்பிடி இல்ல. அவருக்குப் பயங்கரம் கூட. அந்தக் காலப் பாத்து எனக்குப் பயமா இரிக்கி."

"மெசின் பிழையெண்டா எல்லாருக்கும் பிழைதானே மிஸ். அதிகாலையில இருந்து பச்சைத் தண்ணி குடியாத பொம்பளைகளுக்குச் சீனி எங்கால வாறது?"

"அதிகாலையில இருந்தா? ராவையில இருந்து இல்லையா?"

"ராவையில இருந்து எப்பிடி? ஸஹர் செய்யாம ஆர் நோன்பு பிடிக்கிற?"

ஷானிகா முழித்தாள். ரமழானில் விடியமுன் ஸஹர் சாப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெருநாளோடு நோன்பு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள். நோன்போடு வந்தோம் என்றதும், தங்களுடைய தபசுக்காலத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிற ஒருசந்தியைப் போல ஒன்றாக்கும் என்று எடுத்துக்கொண்டாள். "ஸஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

றிஸ்மியா சொல்லத் தொடங்கினாள். சோறு, மீன் ஆணம். பகல் முழுக்கத் தாங்க வேண்டுமே, அதனால் கடைசியில் சோற்றில் தேங்காய்ப் பாலும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து ஒரு வாய். சோறு ஆக்க முடியாத வீடுகளுக்கு இவளே இடியப்பமும் சீனிப் பாணியும் கொடுத்தாள். அதன்மேல் நல்ல சாயத் தேத்தண்ணி. சொல்லிக்கொண்டு போக அவளுடைய குரலே இறங்கியது. பாங்கு சொல்கிற வரைக்கும் எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, காலையில் போய் விரலை நீட்டியிருக்கிறார்கள்.

"அல்லாவே! அப்ப ஊருக்குச் சீனி இல்ல!" என்று கத்திச் சிரித்தாள். ஷானிகாவும் சிரித்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பஸீனாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று றிஸ்மியா கரண்டியை வைத்துவிட்டு எழும்பினாள்.

எழும்பினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முத்தலிபு நோன்பு இல்லை. இரவெல்லாம் கடலில். கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே திருப்பிக் கொண்டுவந்திருந்தார், எஞ்சினோடு மல்லுக்கட்டினதில் சாப்பிட நேரமில்லை என்று. ஊரிலேயே உண்மையில் வெறும் வயிற்றோடு விரலை நீட்டின ஒரே ஆள் அவர்தான். அவருக்கு மட்டும்தான் மெசின் சரியாகச் சொல்லியிருக்கிறது.  மா அடுப்பில் கருகியது, இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"காட் இல்லாம எனக்குக் கடிதம் தரேலாது அக்கா" என்றாள் ஷானிகா.

"அந்த நம்பர் எங்க போகும்? ஆர் பாப்பாங்க?"

"கொம்பியூட்டருக்குப் போகும். அதுக்குப் பிறகு தெரியாது அக்கா. கேட்டுத்தான் சொல்லவேணும்."

றிஸ்மியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அரசாங்கத்து ஆள் ஒருவர் வாய் திறந்து 'தெரியாது' என்று சொல்லி அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே கரண்டியைத் தூக்கியிருப்பாள்.

"சரி தங்கச்சி. ஆனா காட்டில பேரத்தான் முதல்ல எழுதணும். பெரிசா, தமிழ்ல. நம்பர் அதுக்குக் கீழ."

"நானே என்ட கையால எழுதுறேன்" என்றாள் ஷானிகா.

இனி முத்தலிபு. அவரிடம் றிஸ்மியா ஸஹர்க் கதையைச் சொன்னாள், காலைக் காட்டச் சொன்னாள், புத்தளத்துக்குப் போவோம் என்றாள். மனுஷன் சிரித்தார்.

"நீதானே சொன்ன, மெசின் பொய்யெண்டு. என்ட பொஞ்சாதி பிழை சொல்லமாட்டா."

"நான்தான் சொன்னேன். இப்ப நானே சொல்லுறேன் மச்சான், அது பிழை."

"இதெல்லாம் அந்த மிஸ் வந்து உன்ட மனச மாத்தினது. ஊரே சிரிக்கிற சாமான நான் மட்டும் நம்பவா? ஊர் நம்பட்டும், நானும் வாறன்."

கெஞ்சினாள், ஏசினாள், அழுதாள். அவர் ஒற்றைக் காலில் நின்றார், அதுவும் அந்தப் புண்காலில். விரல் கறுத்துக்கொண்டு வந்தது. தன்னுடைய வாயால் போட்ட முடிச்சு என்று அவளுக்கு விளங்கியது. மெசினில் இன்னொரு தரம் ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும். அதுவும் உடனே. ஷானிகாவிடம் கேட்டாள், அவள் செவ்வாய்க்கிழமைக்கு நாள் வைத்தாள்.

அன்ஸாரிடம் போனாள். "நானா, செவ்வாய்க்கிழம ஒருத்தரும் நோன்பு பிடிக்க வேணாமெண்டு மைக்கில சொல்லுங்க."

அன்ஸாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பள்ளி மைக்கில நோன்பு பிடிக்காதீங்க எண்டு சொல்லவா? என்ட கழுத்தையா கேக்கிற?"

"சுன்னத்தான நோன்புதானே நானா, கட்டாயமில்லையே, மாசம் முடிய இன்னும் நாள் இரிக்கி. புதன்கிழமைக்கு வெச்சுக்கொள்ளச் சொல்லுங்க."

அன்ஸார் தலையைச் சொறிந்தார். பிறகு அப்படியே சொன்னார், நல்ல நயமாக. முதல்நாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் ஒரு அறிவித்தலுக்கு அசைகிற ஊரா அது? றிஸ்மியா வீடு வீடாக ஏறினாள். அன்றைக்கு எழும்புங்க என்று கத்தினேனே, அது என்னுடைய பிழை, ஸஹர் சாப்பாடு செய்த வேலை என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். நக்கலடித்தார்கள். உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்றுகூட ஒருத்தி கேட்டாள். வேறு நாளென்றால் அவள் தொலைந்தாள். றிஸ்மியா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அந்த வாய் அடங்கி நடந்ததை ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. சுபஹு முடிந்து, வழக்கம்போலத் தட்டும் கோப்பையுமாக ஆட்கள் வந்தார்கள். வந்தால் குசினியில் புகை இல்லை. கல்யாணமென்றாலும் மௌத்தென்றாலும் அணையாத அடுப்பு குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. இடியப்ப உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறாள் றிஸ்மியா.

"என்ன றிஸ்மியா, இடியப்பம் இல்லையா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய் விரல நீட்டிட்டு வாங்க. பிறகுதான் அடுப்பு."

பசி பொல்லாதது. புறுபுறுத்துக்கொண்டே போனார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஊரே போயிற்று. விரல் விரலாக மெசின் நல்லம், நல்லம் என்று காட்டியது. பஸீனாவுக்கு நல்லம் என்றதும் ஷானிகாவைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினாள். இரண்டொருவருக்கு உண்மையாகவே கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அவர்கள் பேசாமல் உட்கார்ந்து மருந்துக்குப் பதிந்தார்கள். சிரிப்பும் கதையுமாக ஆஸ்பத்திரி வாசல் பெருநாள் போல ஆகிவிட்டது.

கடைசியாக முத்தலிபு வந்தார். ஊர் நம்பினால் நானும் வருவேன் என்று சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தார். ஷானிகா குத்தினாள். பார்த்தாள். மெசினைத் திருப்பி அவருக்கே காட்டினாள். வியாழக்கிழமையைவிடக் கூட. 

முத்தலிபு மெசினைப் பார்க்கவில்லை. பொஞ்சாதியைத்தான் பார்த்தார்.

"மெசின் பொய் சொல்லல்ல மச்சான்" என்றாள் றிஸ்மியா, எல்லாருக்கும் கேட்க. "அண்டைக்கு நான்தான் பிழையாச் சொன்னேன்."

"சரி" என்றார் அவர். "நீ சொன்னாச் சரி. போவம்."

ஷானிகா காட்டில் பெரிய எழுத்தில் 'முத்தலிபு' என்று எழுதி, கீழே நம்பரைப் போட்டு, கடிதமும் கொடுத்தாள். இரண்டு பேரும் த்ரீவீலில் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக் கேற்றைக் கண்டதும் றிஸ்மியா நின்றுவிட்டாள். வாப்பாவைக் கொடுத்தது போதாதா? இந்த மனுஷனையும் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கிறாளே! முத்தலிபு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றே தெரியாமல் இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

வார்ட்டில் எத்தனையாவது கட்டில் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் "முத்தலிபு" என்றுதான் சொன்னாள். கட்டில் நம்பரைச் சொல்லுங்கள் என்று திரும்பக் கேட்டார்கள். சொன்னாள், ஆனால் பேரைச் சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். ஊசி போட வந்தால் ஏன் என்று கேட்டாள். இரத்தம் எடுக்க வந்தால் எதற்கு என்று கேட்டாள். சிலர் சொன்னார்கள், சிலர் முறைத்தார்கள். முறைத்தவர்களிடம் இரண்டாம் தரமும் கேட்டாள்.

காலைக் காப்பாற்றலாம், பெருவிரல் போகும் என்றார்கள். இரவு ஊருக்குப் போய், மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் இடியப்பப் பார்சலோடு அவள் வந்து சேர, அவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். முத்தலிபு தலையைத் திருப்பி, "கொஞ்சத்தில வந்திருவன் புள்ள" என்றார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் வண்டி தள்ளினவரே நின்றுவிட்டார். வாப்பாவும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். பாவம், முத்தலிபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதவு மூடியது.

கதவுக்கு வெளியில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து தெரிந்த ஸூராவெல்லாம் ஓதினாள். ஓதுவது பாதியில் விட்டுப்போகும், திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். எவ்வளவு நேரம் போனதோ, கதவு திறந்தது. வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர், கையில் ஷானிகா எழுதின காட். அவர் குனிந்து வாசித்தார்.

"முத்தலிபு... முத்தலிபுட ஆக்கள் ஆரு?"

றிஸ்மியா நிமிர்ந்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அசன் நெய்னாவின் ஆக்கள் ஆரு என்று கேட்டு இப்படி ஒருத்தர் ஒரு கதவைத் திறந்திருந்தால் போதுமே, நாங்கள் எல்லாரும் வந்து நின்றிருப்போமே வாப்பா! சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் சேர்த்து, இத்தனை வருஷமும் அழாத அழுகையை அங்கேயே அழுதாள்.

தள்ளுவண்டி வெளியில் வந்தது. முத்தலிபு கண்ணைத் திறந்து அவளைத் தேடினார்.

"அழாத புள்ள. பசிக்கிது. ராவையில இருந்து ஒண்டும் தின்னல்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்சலை அவிழ்க்கத் தொடங்கினாள். கூட வந்த நர்ஸ், "இப்ப குடுக்க வேணாம் அம்மா, கொஞ்ச நேரம் போகட்டும்" என்றார்.

"ஏன்?" என்றாள் றிஸ்மியா.

நர்ஸ் நின்று ஏன் என்று சொன்னார். கடைசி வரை கேட்டுவிட்டு, பார்சலைத் திரும்பக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.